போதை மீட்பு ஆலோசகர், மறுவாழ்வுத் துணைப் பணியாளர் பயிற்சி: வேலூர்ப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019-ல் மூன்றாகப் பிரித்துவிட்டாலும் பெரியவர்களுக்கு இது இன்னும் வட ஆற்காடுதான். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் குடிநோய், போதைப் பழக்கம் பற்றிய ஆலோசனைப் பயிற்சி கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். வகுப்பிலும் டீக்கடையிலும் போனிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பயிற்சி விளம்பரங்களில் போடாத சில விஷயங்களும் இதில் உண்டு.

ஆலோசகரும் மறுவாழ்வுத் துணைப் பணியாளரும் ஒன்றுதானா?

இல்லை. ஆலோசகர் படித்துவிட்டு வருபவர். வந்தவரின் நிலையை மதிப்பிட்டு, சிகிச்சைத் திட்டம் எழுதி, தனியாகவும் குழுவாகவும் குடும்பத்தோடும் உட்கார்ந்து பேசுவது அவர் வேலை. துணைப் பணியாளர் பெரும்பாலும் தானே அந்தப் பழக்கத்தில் கிடந்து மீண்டவர். வார்டில் கூட இருப்பார், வீட்டுக்குப் போனவரைத் தேடிப் போய்ப் பார்ப்பார், ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியிலிருந்து மீள நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு) கூட்டத்துக்கு முதல் நாள் கையோடு கூட்டிப் போவார், அரசு ஆஸ்பத்திரி ஓ.பி. வரிசையில் பக்கத்தில் நிற்பார். மையங்களில் இவரைப் பியர் (peer, அதே அனுபவம் உள்ளவர்) எஜுகேட்டர், பியர் கவுன்சிலர் என்று பல பெயரில் கூப்பிடுகிறார்கள்.

இரண்டு பேரும் டாக்டர் இல்லை. மாத்திரையைக் கூட்டு, குறை, நிறுத்து என்று சொல்லும் உரிமை இருவருக்குமே கிடையாது.

என்ன படித்திருக்க வேண்டும்?

மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் நிதியில் நடக்கும் ஒருங்கிணைந்த மறுவாழ்வு மையங்களில் ஆலோசகர் வேலைக்குப் பட்டம் கேட்பார்கள். சமூகப்பணி, உளவியல், சமூகவியல் படித்தவர்களுக்கு முன்னுரிமை. அதற்கு மேல் போதை மீட்பு ஆலோசனையில் தனிப் பயிற்சியோ அனுபவமோ இருக்க வேண்டும். துணைப் பணியாளருக்கு எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். ஆனால் ஓரிரு வருடமாவது போதையில்லாமல் இருந்திருக்க வேண்டும், வேலையில் இருக்கும்வரை தொடுவதில்லை, வாங்குவதில்லை, விற்பதில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு போட இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு வேண்டும். மூன்று மாதச் சான்றிதழை வைத்துக்கொண்டு அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. அப்படிப் போட்டுக்கொண்டவர்களை நம் ஊர்களிலேயே பார்க்கிறோம்.

நானே குடியிலிருந்து மீண்டவன். அனுபவத்தை விடப் பெரிய பயிற்சி என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் எந்த பேட்சும் முடிந்ததில்லை. அனுபவம் பெரியதுதான், அதில் சந்தேகமே இல்லை. வார்டில் இரவு 2 மணிக்குக் கை நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் பக்கத்தில் போய், "எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு தம்பி, விடியறதுக்குள்ள குறையும்" என்று சொல்ல உங்களால் முடியும். எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடித்துவிட்டு வரும் 23 வயதுப் பெண்ணால் அதைச் சொல்ல முடியாது.

ஆனால் உங்களுக்குத் தெரிந்தது உங்கள் வழி ஒன்றுதான். ஏ.ஏ.-யால் நிறுத்தியவர் எல்லோரையும் ஏ.ஏ.-க்கு அனுப்பப் பார்ப்பார். வைராக்கியத்தில் நிறுத்தியவருக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் இளக்காரம். "நான் விடலையா, உனக்கு என்னா கேடு?" என்ற வார்த்தை வாயில் வந்துவிட்டால் எதிரில் இருப்பவர் அன்றோடு வாயை மூடிக்கொள்வார். சொந்தக் கதையை எப்போது சொல்வது, எத்தனை நிமிடத்தில் முடிப்பது, எப்போது சொல்லாமலே இருப்பது என்பதற்குத்தான் பயிற்சியில் நிறைய நேரம் போகும். பத்து நிமிடம் நீங்களே உங்கள் கதையைச் சொல்லிவிட்டால் அது உங்களுடைய அமர்வு, அவருடையது இல்லை.

பணம் இன்னொரு பிரச்சனை. மீண்டவர் என்றால் 'நம்ம ஆளு' என்ற உரிமை தானாக வந்துவிடும். "அண்ணா, ஒரு ஐநூறு இருக்குமா, சம்பளம் வந்ததும் தரேன்" என்று கேட்டால் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் திருப்பித் தர முடியாத அன்றைக்கு அவர் உங்களைப் பார்க்க வர மாட்டார். சிகிச்சை அதோடு நின்றுவிடும்.

ஒரு சொட்டுகூடக் குடிக்காதவர் இந்த வேலைக்கு லாயக்கா?

தாராளமாக. "உங்களுக்கு என்ன தெரியும் மேடம்?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். "தெரியாதுண்ணா, நீங்கதான் சொல்லணும்" என்று பதில் சொல்லிவிட்டுக் காத்திருக்கக் கற்றுக்கொண்டால் போதும்.

பயிற்சியில் அப்படி என்னதான் சொல்லித் தருவார்கள்?

பாடத்திட்டத்தில் பெரிய பட்டியல் இருக்கும். நான் எதற்கு அழுத்தம் கொடுப்பேன் என்று சொல்கிறேன்.

முதலில் அளவு கேட்பது. "எவ்வளவு குடிப்பீங்க?" என்றால் நூற்றுக்கு நூறு பேரும் "கொஞ்சம்தான்" என்பார்கள். குவாட்டர் கணக்கில் கேளுங்கள், கட்டிங் (பாதி குவாட்டர்) கணக்கில் கேளுங்கள். 180 மில்லி குவாட்டரில் 42.8 சதவீத ஆல்கஹால் என்றால் கிட்டத்தட்ட 60 கிராம் சுத்த ஆல்கஹால். 10 கிராம் ஒரு அலகு என்று வைத்தால் 6 அலகு. உலக சுகாதார நிறுவனத்தின் 'ஆடிட்' கேள்வித்தாளில் 10 கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண். அதில் மூன்றாவது கேள்வி, ஒரே தடவையில் 6 அலகோ அதற்கு மேலோ எத்தனை முறை குடிப்பீர்கள் என்பது. அதாவது தினம் ஒரு குவாட்டர் அடித்துவிட்டு "லிமிட்டாதான் சாப்பிடறேன்" என்பவர் அந்தக் கேள்வியில் முழு மதிப்பெண் வாங்கிவிடுவார். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டால் வகுப்பே ஒரு நிமிடம் அமைதியாகிவிடும். அவரவர் வீட்டு ஆளை நினைத்துக்கொள்வார்கள் போலிருக்கிறது.

எக்ஸ் மிலிட்டரி குடும்பங்கள் இந்தப் பக்கம் அதிகம். அவர்களிடம் ராணுவ கேன்டீனில் கிடைக்கும் சரக்குக் கோட்டாவைத் தனியாகக் கேட்க வேண்டும். "வெளிய கடையில நான் வாங்கறதே இல்ல சார்" என்பது உண்மையாகவே இருக்கும். மாதக் கோட்டா பீரோவில் இருக்கும்.

அடுத்தது, உயிர் போகும் கட்டத்தைக் கண்டுபிடிப்பது. வருடக்கணக்காகக் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால், கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சித்தம் கலங்கும் நிலை வரலாம். வியர்த்துக் கொட்டும், உடம்பே ஆடும், சுவரில் பூச்சி ஊருது என்பார், இல்லாத ஆளோடு பேசுவார், இன்றைக்கு என்ன கிழமை என்று தெரியாது. அப்போது கவுன்சிலிங் கிடையாது. 108-ஐக் கூப்பிட்டு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பக்கத்தில் உள்ள அரசு தலைமை மருத்துவமனைக்கோ கொண்டுபோக வேண்டியதுதான். ஆகவே வந்தவரிடம் முதலில் கேட்க வேண்டியது "ஏன் குடிக்கிறீங்க?" இல்லை, "கடைசியா எப்போ குடிச்சீங்க?"

இதோடு சேர்ந்த இன்னொன்று நம் ஊர்ப் பழக்கம். சோர்ந்து கிடக்கிறார் என்று தெருமுனைக் கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிவிட்டு அனுப்புவார்கள். நீண்டநாள் குடித்தவர் உடம்பில் பி1 வைட்டமினான தயமின் குறைவாக இருக்கும். தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கும் அபாயம் உண்டு. "தயமின் போட்டாங்களாம்மா?" என்று குடும்பத்திடம் கேட்டு, இல்லையென்றால் டாக்டரிடம் அனுப்பிவைக்கத் தெரிந்திருந்தால் அந்தப் பயிற்சி வீண் போகவில்லை.

மூன்றாவது, தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்பது. கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டதாக ஆகிவிடுமோ என்று புதியவர்கள் பயப்படுவார்கள். ஆகாது. கேட்காமல் விடுவதுதான் ஆபத்து.

அட்வைஸ் பண்ணக் கூடாது என்கிறீர்களே, பிறகு ஆலோசகர் என்று எதற்குப் பெயர்?

ஒரு பயிற்சி அமர்வைச் சொல்கிறேன். ஒரு மாணவர் பேரணாம்பட்டுப் பக்கத்துத் தோல் ஷாப் தொழிலாளியாக நடிக்கிறார். ஒரு மாணவி ஆலோசகர்.

"நாத்தத்துல நிக்கணும் மேடம். ஒரு கட்டிங் போட்டாதான் கை ஓடும்."

"அதுக்காகக் குடிக்கலாமாண்ணா? பசங்களை நினைச்சுப் பாருங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டு, "சரி மேடம், விட்டுடறேன்" என்றார். மாணவிக்கு முகமெல்லாம் மலர்ச்சி. நிஜத்தில் விட்டுவிடுவாரா என்று வகுப்பைக் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், நடித்தவர் உட்பட. மறுபடி ஆரம்பித்தோம்.

"ஷாப்புல நின்னாதான் கட்டிங் தேவைப்படுது. லீவு நாள்ல எப்படிண்ணா?"

நடித்தவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "லீவு நாள்லதான் மேடம் ஜாஸ்தி" என்றார்.

இப்போது நாற்றம் காரணமில்லை என்று யார் சொன்னது? அவரே சொன்னார். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-ல் எழுதி, பிறகு ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து வளர்த்தெடுத்த ஊக்கமூட்டும் நேர்காணல் முறையின் சாரமே இதுதான். மாறுவதற்கான காரணம் குடிப்பவர் வாயிலிருந்து வர வேண்டும். ஆலோசகர் கேள்வி கேட்பார், கேட்டதைத் திருப்பிச் சொல்வார், அவர் செய்த சின்ன நல்லதையும் கவனித்துச் சொல்வார், நடுநடுவே சேர்த்துத் தொகுத்துக் கொடுப்பார். படிக்கச் சுலபம், வாயில் வர மாதக்கணக்காகும். அட்வைஸ் அவர் வீட்டில் மனைவி, மச்சான், ஊர்ப் பெரியவர் என்று ஏற்கெனவே நிறைய ஸ்டாக் இருக்கிறது.

கயிறு கட்டி, மாலை போட்டு நிறுத்துவதை ஆதரிக்கலாமா?

எதிர்க்க வேண்டாம். சாமிக்கு பயந்தாவது 48 நாள் குடிக்காமல் இருக்கிறார் என்றால் அது நல்ல செய்தி. மாலை போட்டிருக்கும்போதே போய்ப் பேசி, கழற்றும் நாளுக்குத் திட்டம் போட்டுவிட வேண்டும். மலைக்குப் போய்விட்டு வந்து மாலையைக் கழற்றிய சாயங்காலமே கடை வாசலில் நிற்பவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம்.

ஆனால் கார்த்திகை முதல் தேதி ஆலோசகர் விழிப்பாக இருக்க வேண்டும். முந்தின ராத்திரி வரை குடித்துவிட்டுக் காலையில் மாலை போடுபவருக்கு மறுநாள் கை நடுங்கும், இரண்டு நாள் கழித்துப் பிதற்ற ஆரம்பிப்பார். வீட்டில் அதை "சாமி வந்துடுச்சு" என்று எடுத்துக்கொண்டு கற்பூரம் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். பக்தியைக் குறை சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குக் கிளப்ப வேண்டும். "குருசாமியும் கூட வரட்டும்மா" என்று சொன்னால் பெரும்பாலும் கிளம்பிவிடுவார்கள்.

மறுபடி குடிப்பதைத் தடுக்க என்ன கற்றுத் தருவீர்கள்?

எந்தெந்தச் சூழலில் சறுக்கும் என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பது. அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் இதைப் பெரிய கோட்பாடாகவே எழுதியிருக்கிறார். எங்கள் வகுப்பில் காலண்டரைக் கையில் கொடுத்துவிடுவோம். அடுத்த ஆறு மாதத்தில் அவர் வாழ்க்கையில் வரும் தேதிகளை அவரே குறிக்க வேண்டும். சனிக்கிழமைச் சம்பளம், தீபாவளி போனஸ், மாசியில் மயானக் கொள்ளை, ஆடிக் கிருத்திகைக் காவடி, குடியாத்தத்துக்காரர் என்றால் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. தேதி குறிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது: சாவு வீடு. பங்காளி வீட்டில் எடுப்பு என்றால் போகாமல் இருக்க முடியாது, போனால் ஊற்றிக் கொடுக்க ஆள் இருக்கும். யாரோடு போவது, எத்தனை மணிக்குக் கிளம்பிவிடுவது, கிளாஸை நீட்டினால் என்ன வார்த்தை சொல்வது என்பதை வாயால் சொல்லிப் பழக வேண்டும். "டாக்டர் மாத்திரை குடுத்திருக்காரு மாமா, சாப்பிட்டா மயக்கம் வந்துடும்" என்ற ஒரு வரி நிறைய பேரைக் காப்பாற்றியிருக்கிறது.

ஒருமுறை சறுக்கிவிட்டு வருபவரைத் திட்டி அனுப்பினால் அடுத்த முறை வர மாட்டார். இதைப் பணியாளர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பதுதான் கஷ்டம். அவர்களுக்கே கோபம் வந்துவிடுகிறது.

குடும்பத்தினர் "தெரியாமல் சாப்பாட்டில் கலக்க மருந்து கொடுங்கள்" என்று கேட்கிறார்களே?

ஒருபோதும் கூடாது. டைசல்ஃபிராம் மாத்திரை, குடித்தால் உடம்பு தாங்காமல் போகச் செய்யும் மருந்து. மாத்திரை சாப்பிட்டிருப்பது தெரியாமல் ஒருவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அவர் சம்மதத்தோடு, டாக்டர் பரிசோதித்த பிறகுதான் கொடுக்க வேண்டும். இதைப் பவுடராக்கி விற்பவர்களின் விளம்பரம் பஸ் ஸ்டாண்டு சுவரெல்லாம் இருக்கிறது. அந்த அம்மாவைக் கோபிக்காமல் உட்காரவைத்து விளக்குங்கள். அவர் கேட்டது மருந்தை இல்லை, ஒரு ராத்திரி நிம்மதியை.

மனைவிக்கும் அம்மாவுக்கும் தனி அமர்வு வைக்கத் தெரியாத ஆலோசகர் பாதி ஆலோசகர்தான். கடனை அடைப்பது, "காய்ச்சல்" என்று கம்பெனிக்குப் போன் போடுவது, அடி வாங்கிக்கொண்டு மூடி மறைப்பது இதையெல்லாம் அவர்கள் எத்தனை வருஷமாகச் செய்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அடி, உதை இருந்தால் சமரசம் பேசக் கூடாது, முதலில் பாதுகாப்பு. பெண்கள் உதவி எண் 181.

கஞ்சா, மாத்திரை, ஊசி இதெல்லாம் பாடத்தில் வருமா?

வரும், வந்தாக வேண்டும். பத்து வருடம் முன்பு வரை இந்த வேலை பெரும்பாலும் சாராயமும் சரக்கும்தான். இன்று வலி மாத்திரையான டேபென்டடாலைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பையன்கள் வருகிறார்கள். அது ஓபியாய்டு, அதாவது அபின், ஹெராயின் போல வேலை செய்யும் வகை. விட்டால் உடம்பு முறுக்கும், வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை வரும். ஒரே ஊசியைப் பலர் போட்டுக்கொள்வதால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி பரிசோதனை பற்றி ஆலோசகர் பேசியாக வேண்டும். கொஞ்ச நாள் விட்டிருந்துவிட்டுப் பழைய அளவையே ஏற்றினால் மூச்சு நின்றுவிடலாம் என்பதை டிஸ்சார்ஜ் ஆகும் அன்று தனியாகச் சொல்லியே தீர வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகள் கூல் லிப் போன்ற புகையிலைப் பொட்டலங்களோடு வருவது இன்னொரு பாடம். அவர்களிடம் குடிநோயாளிகளுக்கான பேச்சு எடுபடாது.

மொழி எவ்வளவு முக்கியம்?

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் வேலை என்றால் உருது தெரிந்தவருக்கு மதிப்பு அதிகம். ஆந்திர எல்லைக் கிராமங்களில் தெலுங்கு. தமிழில் எல்லோரும் பேசுவார்கள்தான், ஆனால் அவமானத்தையும் அழுகையையும் வீட்டு மொழியில்தான் சொல்வார்கள். மதத்தால் தடை உள்ள குடும்பங்களில் குடிப்பதே வெளியே தெரியக் கூடாத ரகசியம். அங்கே வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதாக இருந்தால் முன்னாலேயே கேட்டுக்கொண்டு போங்கள்.

எங்கே படிக்கலாம்?

சமூகப்பணிப் பட்டத்துக்குத் திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி நம் பக்கத்தில் பழகிய பெயர். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம் பாகாயத்தில் இருக்கிறது. மனநல மருத்துவக் குழு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள அப்படிப்பட்ட இடத்தில் களப்பயிற்சி கிடைத்தால் விடாதீர்கள்.

போதை மீட்புக்கென்றே பயிற்சி என்றால் சென்னையில் டி.டி.கே. மருத்துவமனை. சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையின் கீழ் நடப்பது. தென்னிந்திய மையங்களின் பணியாளர்களுக்குப் பல காலமாகப் பயிற்சி கொடுத்து வருகிறது. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸில் போதை மருத்துவத்துக்குத் தனி மையம் உண்டு. காட்பாடியில் ரயில் ஏறினால் இரண்டு ஊரும் தொலைவில்லை. நிம்ஹான்ஸின் இணையவழி வகுப்புகளில் நிஜ நோயாளிகளின் நிலையைப் பேர் சொல்லாமல் வைத்துக் கலந்து பேசுவார்கள். வேலையில் இருந்துகொண்டே சேரலாம். டெல்லியில் உள்ள தேசிய சமூகப் பாதுகாப்பு நிறுவனமும் மையங்களின் பணியாளர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சிகள் நடத்துகிறது. இதற்குப் பெரும்பாலும் நீங்கள் வேலை செய்யும் மையம் வழியாகத்தான் பெயர் கொடுக்க முடியும்.

அஞ்சல் வழியில் உளவியல் படித்துவிட்டு வரலாமா?

இனி இது பிரச்சனை. 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் வரம்பில் வரும் படிப்புகளைத் தொலைதூர வழியிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. 2025-ல் அறிவித்தது. அந்த ஆண்டு ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து இது நடைமுறை. அதில் உளவியலும் உண்டு. யாராவது "வீட்டிலிருந்தே எம்.எஸ்சி. சைக்காலஜி" என்று இப்போதும் பணம் கேட்டால், யு.ஜி.சி. தளத்தில் பார்க்காமல் கட்டிவிடாதீர்கள்.

சர்வதேசச் சான்றிதழ் என்கிறார்களே?

ஆசிய, பசிபிக் நாடுகளின் கூட்டமைப்பான கொழும்புத் திட்டத்தின் போதைத் தடுப்புப் பிரிவு தயாரித்த 'யூனிவர்சல் ட்ரீட்மென்ட் கரிக்குலம்' என்ற பாடத்திட்டம் பல நாடுகளில் நடக்கிறது. அதைப் படித்தவர்கள் 'ஐகேப்' என்ற தேர்வு எழுதலாம். பாடம் நன்றாகவே இருக்கும். இந்தியாவில் வேலைக்கு அது கட்டாயமில்லை. முதல் வருடமே அதற்கு ஓடுவதைவிட, நல்ல மேற்பார்வையாளர் ஒருவரிடம் ஒரு வருடம் வேலை பார்ப்பது மேல்.

மேற்பார்வை என்றால் என்ன? கண்காணிப்பா?

இல்லை. வாரம் ஒருமுறை மூத்தவர் ஒருவரோடு உட்கார்ந்து, "இந்த ஆளைப் பார்த்தா எனக்கு எரிச்சல் வருது, எங்க அப்பா மாதிரியே பேசறாரு" என்று மனதில் உள்ளதைச் சொல்ல முடிவது. குடிகார அப்பாவைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள்தான் இந்த வேலைக்கு நிறைய வருகிறார்கள். அந்தக் கோபத்தை எங்காவது இறக்கிவைக்க வேண்டும், இல்லையென்றால் அது நோயாளி மேல் இறங்கும். என்னைக் கேட்டால் பயிற்சியில் பாதி இதுதான். ஆனால் பல மையங்களில் இதற்கு நேரமும் ஒதுக்குவதில்லை, ஆளும் வைப்பதில்லை.

பணியாளரே மறுபடி குடித்துவிட்டால்?

நோயாளிகளைப் பார்க்கும் வேலையிலிருந்து உடனே விலகி, சிகிச்சைக்குப் போக வேண்டும். பிறகு எப்போது திரும்புவது என்பதை மையம் எழுத்தில் வைத்திருக்க வேண்டும். விரட்டிவிடுவதும் தப்பு, மூடி மறைப்பதும் தப்பு. துணைப் பணியாளர்கள் வேலை செய்யும் மையத்துக் கூட்டத்தையே தங்கள் ஏ.ஏ. கூட்டமாக வைத்துக்கொள்ளக் கூடாது. தனக்கென்று வெளியே ஒரு கூட்டம் வேண்டும்.

பெண்கள் வரலாமா? வீட்டில் பயப்படுகிறார்கள்.

பெண்கள் இல்லாமல் இந்தத் துறை ஓடாது. வீட்டுப் பெண்கள் பேசுவது பெண் ஆலோசகரிடம்தான். குடிக்கும் பெண்கள் வெளியே வராமலே இருப்பதற்கு ஒரு காரணம், போய்ப் பேச ஒரு பெண் இல்லாதது. தனி அறையில் கதவைத் திறந்து வைத்திருப்பது, வீட்டுக்குப் போகும்போது இருவராகப் போவது, சொந்த போன் நம்பரைத் தராமல் மைய நம்பரைத் தருவது, இந்த மூன்றையும் வேலை கொடுப்பவரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

சட்டம் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அத்தியாவசியம். மது, போதையால் வரும் மனநிலைக் கோளாறுகளும் அதன் கீழ்தான் வருகின்றன. ஆகவே மையங்களுக்குப் பதிவு வேண்டும். யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது. சிகிச்சைக்கு வருபவரின் தகவல் ரகசியம். சம்மதம் இல்லாத சேர்க்கைக்குச் சட்டம் தனி நடைமுறை வைத்திருக்கிறது. நான்கு பேர் ஆட்டோவில் வந்து தூக்கிக்கொண்டு போவது அந்த நடைமுறை இல்லை.

ரகசியம் என்பது சின்ன ஊரில் பெரிய விஷயம். பஸ்ஸில் எதிரே வந்தால் நீங்களாக வணக்கம் வைக்காதீர்கள். அவர் பேசினால் பேசுங்கள். "இவரு எப்படிப் பழக்கம்?" என்று பக்கத்தில் இருப்பவர் கேட்பார்.

போதைப்பொருள் வழக்குக்குப் பயந்து சிகிச்சைக்கு வராதவர்களுக்காக, 1985-ஆம் ஆண்டு என்.டி.பி.எஸ். சட்டத்தில் 64ஏ என்ற பிரிவு இருக்கிறது. பழக்கத்துக்கு அடிமையானவர் சிறிய அளவு வைத்திருந்த வழக்கில் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்து முடித்தால் வழக்கிலிருந்து விலக்கு பெற வழி உண்டு. இதை வக்கீலிடம் கேட்கச் சொல்லுங்கள், நீங்களே உத்தரவாதம் கொடுக்காதீர்கள்.

சம்பளம்?

குறைவு. தொண்டு நிறுவன மையங்களில் மானியம் வரத் தாமதமானால் சம்பளமும் தாமதமாகும். அரசு மருத்துவமனை ஒப்பந்த வேலைகள் கொஞ்சம் நிலையானவை. 2025-ல் தமிழ்நாடு அரசு 'கலங்கரை' என்ற பெயரில் 25 மீட்பு மையங்களைத் தொடங்கியது. அதுபோன்ற இடங்களின் அறிவிப்புகளைப் பார்த்துக்கொண்டிருங்கள். வேலைக்கான தேவை குறையப்போவதில்லை. எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்தி 2019-ல் வெளியான தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதோ ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது.

படிக்கும்போதே கையில் வைத்திருக்க வேண்டிய எண்கள்?

போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446. மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416. தமிழ்நாடு சுகாதார உதவி 104. ஆம்புலன்ஸ் 108.

ஒரு மையத்தில் வேலைக்குச் சேரும் முன் என்ன பார்க்க வேண்டும்?

பதிவுச் சான்றிதழ் சுவரில் இருக்கிறதா, தேதி முடியவில்லையா. டாக்டர் வாரத்தில் எத்தனை நாள் நேரில் வருகிறார், அல்லது பெயர் மட்டும் போர்டில் இருக்கிறதா. தயமின் ஊசி, வலிப்புக்கான மருந்து, ராத்திரி நர்ஸ் உண்டா. நோயாளி வீட்டுக்குப் போன் பேச அனுமதி உண்டா. சமையலும் கக்கூஸ் கழுவுவதும் "தெரபி" என்ற பெயரில் நோயாளிகள் தலையில் விழுகிறதா. புதிதாக வந்தவரை அடக்குவதற்குப் பழைய நோயாளிகளை வைத்திருக்கிறார்களா. இருந்தால் அங்கே அடி விழுகிறது என்று அர்த்தம்.

அரை நாள் கூட இருந்து பார்க்கிறேன் என்று கேளுங்கள், நல்ல மையம் சரி என்று சொல்லும். பணி உத்தரவில் உங்கள் மேற்பார்வையாளர் யார், ஒரே நேரத்தில் எத்தனை பேரைப் பார்க்க வேண்டும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். இழுத்தடித்தால் அடுத்த மையத்தில் விசாரியுங்கள்.